நாலு ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கடை: "எந்த இடத்துல இருந்தது?"

காரிமங்கலத்தில் சீரியல் செட்டும் எல்இடி ஆர்ச்சும் வாடகைக்கு விடுவது என் தொழில். அப்பா ரேடியோ செட் கட்டினார், நான் பிக்சல் லைட் கட்டுகிறேன். அம்மன், மயில், சக்கரம் எல்லாம் ராத்திரியில் ஜொலிப்பதை ஜனங்கள் பார்ப்பார்கள். அதன் முதுகுக்குப் பின்னால் ஓட்டை ஓட்டையான தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சோறு போடுகிற 5 வோல்ட் 40 ஆம்பியர் பவர் சப்ளையை யாரும் பார்க்கமாட்டார்கள். என்னிடம் பதினைந்து இருந்தன. மாசியில், சிவராத்திரிக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரே ராத்திரியில் ஆறு போயின. சிவராத்திரிக்கு மறுநாள் காவேரிப்பட்டணத்தில் மயானக் கொள்ளை. அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது.

எப்படிப் போயின என்பதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அது வேறொரு ஊர்த் திருவிழா. ஊர் பெயரும் வேண்டாம், ஜெனரேட்டர் கொண்டுவந்தவர் பெயரும் வேண்டாம், அவரும் பிழைக்கட்டும். மூன்று பேஸ் ஜெனரேட்டர். ஒரு பேஸில் பெரிய பெரிய போகஸ் லைட்டுகள், இன்னொன்றில் என் ஆர்ச். நியூட்ரல் நட்டு லூசாக இருந்திருக்கிறது. அது கழன்றதும் இரண்டு பேஸ் லோடும் ஒன்றன் பின் ஒன்றாக 400 வோல்ட்டின் குறுக்கே நின்றுவிட்டன. அப்படி நின்றால் கனமான லோடு கொஞ்சம் வோல்டேஜை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை லேசான லோடின் தலையில் தள்ளும். லேசான லோடு என்னுடையது. போகஸ் மங்கியது, என் பக்கம் பட்டாசு மாதிரி பட் பட்டென்று சத்தம், பிறகு அந்த மீன் நாற்றம். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற கண்டன்சர் வெடித்த நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை ஆறு போர்டையும் அரிசிச் சாக்கில் போட்டுக்கொண்டு தருமபுரி பஸ் ஏறினேன். நாலு ரோட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது இந்த எலக்ட்ரானிக் ஸ்பேர்ஸ் கடை. கடைப் பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாம் தம்பி, கூட்டம் வந்தா பதில் சொல்ல முடியாது" என்றார் பெரியவர். பெயர்ப்பலகையும் வெயிலில் வெளுத்து, எழுத்து இருந்த தடம்தான் தெரிகிறது. விசாரித்தால் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரியும்.

உள்ளே இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் படியில் நிற்க வேண்டும். சுவர் முழுக்க பழைய ஆடியோ கேசட் டப்பாக்கள்தான் டிராயர். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவில் நம்பர். மேசையில் ரிப்பேர் செய்ததைச் சோதிக்கிற சீரீஸ் போர்டு, அதில் 100 வாட் குண்டு பல்பு. குண்டு பல்பு கிடைப்பதே இப்போது கஷ்டம், அவர் அரை டஜன் பதுக்கி வைத்திருக்கிறார்.

சீட்டில் நம்பர் எழுதிக்கொண்டு போனால் இங்கே சாமான் சுலபத்தில் கிடைக்காது. முதல் தடவை போனபோது "13009 நாலு கொடுங்க" என்று ஒரு டிரான்சிஸ்டர் நம்பரைச் சொன்னேன். எடுக்கவில்லை. "எந்த இடத்துல இருந்தது? பக்கத்துல என்னென்ன போச்சு? போர்டு கொண்டாந்தியா?" என்று கேட்டார். முதல் தடவை போகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கும் இருந்தது, நாலு வருடம் முன்னால். இப்போது சாக்கோடு போகிறேன்.

முதலில் கண்டன்சர். இந்த ரகப் பெட்டியில் ஏசி வந்து டிசி ஆகும் இடத்தில் 470 எம்எஃப்டி (மைக்ரோ ஃபாரட், கொள்ளளவுக் கணக்கு) 200 வோல்ட் கண்டன்சர் இரண்டு, தொடர் இணைப்பில் இருக்கும். 230 வோல்ட் ஏசியின் உச்சி 325 வோல்ட். இரண்டும் பங்கு போட்டால் ஆளுக்கு 162 சொச்சம், 200-க்கு உள்ளேதான். ராத்திரி வேளையில் நம் பக்கத்து லைன் சில நேரம் 270-க்கு ஏறும். அப்போது உச்சி 382, ஆளுக்கு 191. விளிம்பில் நிற்கிறது. நியூட்ரல் போய் 350 வந்தால் கணக்கே போட வேண்டாம். அதனால் 250 வோல்ட் ரகத்தை எடுத்து வைத்தார். எடுத்ததும் கொடுத்துவிடவில்லை. ஸ்கேல் வைத்து உயரம் அளந்தார், மூடியைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். வோல்டேஜ் கூடினால் உடம்பும் கூடும், மூடி இடித்தால் தகரம் கண்டன்சரில் உரசிக்கொண்டே இருக்கும். இரண்டு உயரத்தில் வைத்திருந்தார், குட்டையாக இருந்ததைக் கொடுத்தார்.

"அப்படியே 680 எம்எஃப்டி போட்டுடலாமா, இன்னும் கெட்டியா நிக்குமே?" என்று கேட்டேன். "சுவிட்சு போட்ட நொடியில அது குடிக்கிற கரண்ட பிரிட்ஜும் என்டிசியும் தாங்கணும். ஆர்ச்சுல எட்டு பெட்டிய ஒரே சுவிட்சுல போடுறவன் நீ" என்றார். பிரிட்ஜ் என்பது ஏசியை டிசி ஆக்கும் டையோடுக் கூட்டம், என்டிசி அந்த முதல் நொடிக் கரண்டைத் தடுத்து விடுகிற ரெசிஸ்டர். உண்மைதான், என் எம்சிபி சும்மா சும்மா விழுவதன் காரணம் அன்றுதான் புரிந்தது. ஒரு போர்டில் என்டிசி இருக்க வேண்டிய இடத்தில் கம்பித் துண்டு ஒன்றை வைத்தே அனுப்பியிருந்தார்கள், எந்த ஊர்த் தயாரிப்போ. அதற்கு 5டி-11 ஒன்று கொடுத்தார்.

ஒரு போர்டில் ஒரு கண்டன்சர்தான் வெடித்திருந்தது, பக்கத்தில் இருந்தது உப்பக்கூட இல்லை. அதை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தேன். அவர் மீட்டரை எடுத்து கண்டன்சருக்குப் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் இரண்டு ரெசிஸ்டரையும் கழற்றி அளந்தார். ஒன்று 150கே சரியாகக் காட்டியது, இன்னொன்று ஓபன். அந்த ரெசிஸ்டர்கள்தான் இரண்டு கண்டன்சருக்கும் வோல்டேஜைச் சமமாகப் பிரித்துக் கொடுப்பவை. ஒன்று அறுந்தால் பங்கு கோணல் ஆகிவிடும். வெடித்ததை மட்டும் மாற்றியிருந்தால் புதியது அதே வழியில் போயிருக்கும். மாற்றினால் இரண்டையும் மாற்று, ஒரே கம்பெனி, ஒரே டப்பா. ரெசிஸ்டர் விலை ஒரு ரூபாய்.

டிரான்சிஸ்டருக்கு வருகிறேன். என் போர்டில் இருந்தது டி209எல். அந்த நம்பர் அவரிடம் இல்லை, 13009 கொடுத்தார். இரண்டும் 12 ஆம்பியர், 700 வோல்ட் வர்க்கம், பல வருடமாக மெக்கானிக்குகள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுவதுதான். ஆனால் 13009-லேயே உடம்பு இரண்டு: சின்னது ஒன்று, பெரியது ஒன்று. பழையது பெரிய உடம்பு, சூட்டை இறக்கும் ஹீட் சிங்கின் துளையும் கிளிப்பும் அதற்கு ஏற்றது, அதனால் பெரியதுதான் என்றார். நான் ஃபோனில் பார்த்து வைத்திருந்த ஒரு மாஸ்ஃபெட் (வேறு வகை டிரான்சிஸ்டர்) நம்பரைக் காட்டி இது இன்னும் பலமாமே என்றதும் சிரித்துவிட்டார். டிரான்சிஸ்டர் 'பேஸ்' (base) என்கிற காலில் கரண்ட் கேட்கும், மாஸ்ஃபெட் 'கேட்' (gate) என்கிற காலில் வோல்டேஜ் கேட்கும். அந்தப் பெட்டியின் டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர் கரண்ட் ஊட்டுவதற்காகச் சுற்றப்பட்டது. மூன்று கால், ஒரே உடம்பு, துளையில் போய் உட்காரும். அவ்வளவுதான் ஒற்றுமை.

இரண்டு டிரான்சிஸ்டரும் சுவிட்ச் மாதிரி மாறி மாறி வேலை செய்பவை. ஒன்று பழையது ஒன்று புதியது என்று போட்டால் ஒன்று லேட்டாக அணையும், ஒரு கணம் இரண்டும் சேர்ந்து விழித்திருக்கும், அவ்வளவுதான் கதை. ஒரே டியூபிலிருந்து ஜோடியாக உருவிக் கொடுத்தார். கூடவே கேட்காமலே ஒரு சின்னப் பொட்டலம் கட்டினார். பேஸ் ரெசிஸ்டர், பேஸில் நிற்கும் 1 எம்எஃப்டி 50 வோல்ட் குட்டிக் கண்டன்சர். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் அந்த ரெசிஸ்டர் பெரும்பாலும் சேர்ந்து போகும். குட்டிக் கண்டன்சர் சூட்டில் காய்ந்து போயிருக்கும், வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். நான் இதற்கு முன் ரிப்பேர் செய்த இரண்டு பெட்டிகள் மூன்றே மாதத்தில் திரும்பி வந்தது ஏன் என்று அந்தப் பொட்டலத்தைப் பார்த்தபோது தெரிந்தது. டிரான்சிஸ்டர்களை ஆட்டிவைக்கும் ஐசி டிஎல்494-ஐ நான் மாற்றப் பார்த்தேன், தடுத்தார். வெளியிலிருந்து 12 வோல்ட் எடுத்து 12-ஆம் காலுக்கும் 7-ஆம் காலுக்கும் கொடுத்தார், 14-ஆம் காலில் சரியாக 5 வோல்ட் நின்றது. "இது நல்லாருக்கு, ஏன் கை வெக்கிற?" ஆறு போர்டில் ஒன்றில் கூட ஐசி போகவில்லை. ஆறு ஐசி விற்கிற வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்டார்.

எனக்குப் பெரிய பாடம், கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுகிற ஷாட்கி டையோடில் கிடைத்தது. வெளியே 5 வோல்ட் வரும் பக்கத்தில் தடித்த மூன்று கால் டையோடு, எம்பிஆர்4045. 40 ஆம்பியர், 45 வோல்ட். இரண்டு போர்டில் அது ஷார்ட். கண்டன்சருக்கு 200-ஐ விட 250 நல்லது என்று சொன்னவர்தானே என்று, இதற்கும் பெரிதாகக் கேட்டேன், 40100, அதாவது 100 வோல்ட். நம் புத்தி அப்படித்தான் போகும், நம்பர் பெரிசானால் பலம் என்று. கொடுக்கவில்லை.

"அஞ்சு வோல்ட்டு சப்ளைக்கு நூறு வோல்ட்டு டையோடு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு பீடிக் கட்டுக் காகிதத்தின் பின்னால் கணக்குப் போட்டார். ஷாட்கியில் வோல்டேஜ் தாங்கும் சக்தி கூடினால், கரண்ட் போகும்போது அது தின்கிற வோல்டேஜும் கூடும். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 0.2 வோல்ட் என்று வைத்துக்கொள். 40 ஆம்பியரில் பெருக்கினால் 8 வாட். "உன் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்டு. அதுல மூணுல ஒரு பங்கு சூட்ட மூடின பெட்டிக்குள்ள கூடுதலா வெக்கிற. பக்கத்துல நிக்கிற கண்டன்சரு என்னாகும்?" அதே கையோடு, என்னிடம் இருக்கும் 12 வோல்ட் ஸ்ட்ரிப் லைட் பெட்டிகளுக்கு மட்டும் 100 வோல்ட் டையோடுதான் போட வேண்டும், அங்கே 45 போட்டால் உடனே போய்விடும் என்றும் சொன்னார். அங்கே டிரான்ஸ்ஃபார்மரில் கம்பிச் சுற்று அதிகம், திரும்பி அடிக்கிற வோல்டேஜும் அதிகம். ஒரே கடை, ஒரே மேசை, ஒரே டையோடு. ஒரு பெட்டிக்குச் சரி, இன்னொரு பெட்டிக்குத் தப்பு. "எந்த இடத்துல இருந்தது" என்று அவர் ஏன் நச்சரிக்கிறார் என்பது எனக்கு முழுதாக உறைத்தது அப்போதுதான்.

வோல்டேஜ் எகிறினால் குறுக்கே விழுந்து தடுக்கிற எம்ஓவி விஷயமும் இதேபோல. என் பெட்டிகள் பாதியில் அதற்குப் போர்டில் வட்டம் அச்சடித்து, துளையும் போட்டு, சாமானை மட்டும் வைக்காமல் விட்டிருந்தார்கள். 14டி471 கொடுத்தார். அடிக்கடி போகாமல் இருக்க, இன்னும் அதிக வோல்டேஜ் வரை சும்மா இருக்கும் 621 நம்பர் போடலாமா என்றேன். "அது போறதுக்குத்தான் இருக்கு தம்பி. அது போயி ஃப்யூஸ அறுத்தா உள்ள இருக்கறது பிழைக்கும்." ஃப்யூஸுக்கு முன்னால் இல்லை, பின்னால் வர வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினார்.

ஃப்யூஸ் பற்றி ஒரு பாவமன்னிப்பு. ஆறாவது போர்டில் கண்ணாடி ஃப்யூஸின் மேல் செப்பு நூல் ஒன்று சுற்றியிருந்தது. அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். போன வருடம் பென்னாகரம் பக்கம் ஒரு திருவிழாவில், ராத்திரி பதினொரு மணிக்கு, அவசரத்தில் சுற்றியது நான்தான். மற்ற ஐந்து போர்டில் ஃப்யூஸ் கண்ணாடி கறுத்துப் போய் அங்கேயே நின்றது. இந்தப் போர்டில் மட்டும் பிரிட்ஜுக்குக் கீழே பிசிபியே கரியாகி, விரல் நுழைகிற ஓட்டை. அவர் எதுவும் சொல்லவில்லை. ஃப்யூஸ் பத்து எடுத்து வைத்தார்.

ஒய் கண்டன்சரில் ஒரு தகராறு. நீல நிறத் தட்டு, 222 என்று போட்டிருக்கும். ஒன்று உடைந்திருந்தது. அன்று அந்த ரகம் கடையில் இல்லை. அதே மதிப்பில் 1 கிலோவோல்ட் சாதாரண டிஸ்க் ஒரு டப்பா நிறைய இருந்தது, என் கண் முன்னாலேயே. தரமாட்டேன் என்றுவிட்டார். மெயின்ஸுக்கும் தகர உடம்புக்கும் நடுவே நிற்பது அது. சாதாரண டிஸ்க் ஷார்ட் ஆனால் பெட்டி முழுக்க லைன் கரண்ட், பெட்டி கட்டியிருப்பது இரும்பு ஆர்ச்சில், ஆர்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது குழந்தைகள். நல்ல ஒய் கண்டன்சர் இருக்கும்போதே, எர்த் கொடுக்காமல் விட்டால் சட்டத்தைத் தொட்டதும் சுருக்கென்று ஒரு கிள்ளு கிள்ளும். கிராமத்தில் யார் எர்த் கொடுக்கிறார்கள். "சேலத்துல வாங்கிக்கோ, இல்ல ரெண்டு நாள் பொறு" என்றார். பொறுத்தேன், கோபத்தோடு. அந்த ஒரு போர்டுக்காக மறுபடி பஸ் ஏறினேன்.

குறைகள் சொல்லாவிட்டால் விளம்பரம் ஆகிவிடும். ஒன்று, விற்கிற சாமானை டெஸ்ட் செய்து தரமாட்டார். வாங்கிய பத்து 13009-ல் ஒன்றின் கெயின் (கரண்டைப் பெருக்கும் அளவு) என் டெஸ்டரில் மற்றதோடு ஒட்டவேயில்லை, எடையும் கையில் லேசாகத் தெரிந்தது. திருப்பிக் கொடுத்ததும் மறுபேச்சு இல்லாமல் மாற்றினார். ஆனால் கண்டுபிடித்தது நான். டெஸ்டர் இல்லாத ஆள் அதை ஜோடியில் போட்டு வெடித்த பிறகுதான் வருவார். இரண்டு, அவரும் தவறுவார். முன்பு ஒரு தடவை எல்இடி டிரைவர் ஒன்றுக்கு யூஎஃப்4007 இல்லையென்று எஃப்ஆர்107 கொடுத்தார். "ரெண்டும் பாஸ்ட் டையோடுதான்" என்றார். யூஎஃப் 75 நானோசெகண்டில் அணையும், எஃப்ஆர்107-க்கு 500 வேண்டும். தொட முடியாத சூடு. காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இது என் தப்பு" என்றார், காசைத் திருப்பிக் கொடுத்தார். அந்த டப்பாவில் இப்போது "ஸ்லோ" என்று சிவப்பில் எழுதியிருக்கிறது.

பில் கிடையாது. மத்தியானம் ஒன்றரைக்கு ஷட்டர் பாதி இறங்கும், நாலு மணி வரை ஆளைப் பார்க்க முடியாது. போர்டின் மேலேயே ஒட்டுகிற பொடி எஸ்எம்டி சாமான் கேட்டால் கையை விரிப்பார். பஸ் பார்சல் அனுப்பமாட்டார். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் இரண்டு நீல டிக் வரும், பதில் வராது. கூட்டம் இருக்கும்போது ஒரே ஆளோடு இருபது நிமிடம் பேசிக்கொண்டிருப்பார், அந்த ஒரே ஆள் நானாக இருக்கும்போது மட்டும் இது எனக்குக் குறையாகத் தெரிவதில்லை.

விலை: கண்டன்சர் 65 வீதம் பத்து, டிரான்சிஸ்டர் 45 வீதம் பத்து, ஷாட்கி 90 வீதம் இரண்டு, எம்ஓவி பத்து ரூபாய் வீதம் ஐந்து, ஃப்யூஸும் பொட்டலமும் மற்ற சில்லறையும் 130. மொத்தம் 1,460. புதுப் பெட்டி ஐந்து வாங்கினால் நாலாயிரத்தைத் தாண்டும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் நூறு நூறாக வாங்கினால் இதில் பாதி விலைக்குக் கிடைக்கும், நானும் வருடத்துக்கு ஒரு தடவை ரயிலேறிப் போய் வருகிறேன். என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகிறவனுக்கு அது சரி. கண்டன்சரில் இரண்டு ரகம் வைத்திருக்கிறார், கண்ணூரில் தயாராகும் கெல்ட்ரான் ஒன்று. கொஞ்சம் விலை கூட. அவர் வீட்டு டிவிக்கு அதைத்தான் போட்டாராம்.

வீட்டில் ஐந்தையும் சீரீஸ் பல்பில் போட்டேன். பல்பு ஒரு மின்னு மின்னி அடங்கினால் சரி, எரிந்துகொண்டே நின்றால் உள்ளே ஷார்ட். நாலு உடனே அடங்கின. ஒன்று நின்று எரிந்தது. பிரிட்ஜில் ஒரு கால் போயிருந்தது, கவனிக்காதது என் தப்பு. பெட்டியில் இருக்கும் 115/230 வோல்ட் சுவிட்சை 230-ல் வைத்து பெவிக்விக் ஊற்றிவிட்டேன், இதுவும் அவர் சொன்னதுதான். யாராவது பையன் விளையாட்டாக அதை 115-க்குத் தள்ளினால் இத்தனை வேலையும் ஒரு நொடியில் போகும்.

மயானக் கொள்ளை அன்று காவேரிப்பட்டணத்தில் லைன் கொடுக்கும் முன் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்ச் போட்டேன், 238. ஐந்தில் நாலு விடியும் வரை நின்றன. ஒன்று நடுராத்திரிக்கு மேல் 4.6 வோல்ட்டுக்கு இறங்கி அங்காளம்மன் முகம் செம்மண் நிறத்துக்குப் போய்விட்டது. திறந்து பார்த்தால் வெளிப்பக்கத்து 2200 எம்எஃப்டி கண்டன்சர் உப்பியிருந்தது. அது அவர் கடையில் வாங்கியது இல்லை, என் டப்பாவில் கிடந்த, 85 டிகிரி சூடு வரை தாங்கும் சாதா ரகம். 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள்தடை குறைந்தது) என்று அவர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். நாலு கண்டன்சருக்கு 60 ரூபாய் மிச்சம் பிடித்தேன்.

ஓட்டை விழுந்த ஆறாவது போர்டை அவரே 100 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார், டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்கும் நல்லாயிருக்கிறது என்று. போன வாரம் இன்னொரு பெட்டியில் ஸ்குரூ டெர்மினல் உடைந்துபோய் அங்கே போனேன். கழற்றியது ஒன்று இருக்கிறது, 40 ரூபாய் என்றார். ஓரத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி. என் பெட்டிகளுக்கு நான் வைக்கிற அடையாளம். பேரம் பேசிப் பார்த்தேன், 35-க்குக் கீழே இறங்கவில்லை.